சேலம் ஜில்லாவும் அதன் அரசியல் வீடுகளும்

தேர்தல் காலம் நெருங்கும்போதெல்லாம் நமது பிரதேசத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. அபேட்சகர் என்ன செய்தவர் என்று விசாரிப்பதற்கு முன்னதாகவே, அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கிறார்கள். அம்மாபேட்டையின் தறிக்காரத் தெருக்களிலும் இதே கேள்விதான்; ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் இதே கேள்விதான். தந்தைக்குப் பின் மைந்தன், மைந்தனுக்குப் பின் பேரன் என்னும் முறை இன்று தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாக் கட்சிகளிலும் வேரூன்றி நிற்கின்றது. இதைக் கண்டிப்போர் ஒருபுறமிருக்க, "அந்தக் காலத்திலும் இப்படித்தானே? ஆச்சாரியார் வீடு இல்லையா, குமாரமங்கலம் வீடு இல்லையா?" என்று சமாதானம் கூறுவோர் மற்றொரு புறம் இருக்கின்றனர். பழைய வீடுகளைச் சாட்சிக்கு அழைக்கும் இவர்கள், அவ்வீடுகளின் கதையை முழுவதும் அறிந்துதான் அழைக்கிறார்களா என்பது நமது சந்தேகம். சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டால் குறுக்கு விசாரணைக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். அதையே இன்று செய்ய விரும்புகிறோம்.

சேலம் ஜில்லா என்று நாம் இங்கே கூறுவது பழைய பெரிய ஜில்லாவை. 1965-ல் தர்மபுரியும், 1997-ல் நாமக்கல்லும் பிரிந்தன. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-ல் பிரிந்தது. ஓசூர் முதல் காவிரிக்கரை வரை ஒரே கலெக்டரின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்த நிலப்பரப்பு இன்று நான்கு ஜில்லாக்களாக இருக்கின்றது. ஆயினும் அரசியல் வீடுகளின் கதை அந்தப் பழைய எல்லைக்குள்தான் விளங்கும்.

1792-ம் வருஷம் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகாலையும் சேலத்தையும் கும்பெனியாருக்கு விட்டுக்கொடுத்தார். கும்பெனியார் இங்கு அனுப்பிய முதல் கலெக்டர், காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்ற பட்டாளத்து உத்தியோகஸ்தர். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை இந்த இருவர் கையில், இந்த மண்ணில்தான் முதன்முதலாக உருவாயிற்று. வயல் வயலாக அளந்து, குடியானவனிடமே நேராக வரி வாங்குவது அம்முறை. குடியானவனுக்கு அது சுவர்க்கமாக இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. வரி கடுமையாகவே இருந்தது. எனினும் சர்க்காருக்கும் உழுபவனுக்கும் நடுவே மூன்றாமவன் ஒருவன் இல்லை.

அந்த நிலை பத்து வருஷங்கூட நீடிக்கவில்லை. 1799-ல் மைசூர் யுத்தம் முடிந்ததும் ரீட்டும் மன்றோவும் போய்விட்டார்கள். வங்காளத்து ஜமீன்தாரி முறையிலே மோகங்கொண்டிருந்த மேலதிகாரிகள், அளந்து முடித்த கிராமங்களைச் சேர்த்துக் கட்டி, "மிட்டா" என்று பெயரிட்டு, 1802-ம் வருஷத்தை அடுத்து அவற்றை ஏலத்தில் விட்டார்கள். கையில் பணமுள்ளவர்கள் எடுத்தார்கள். எடுத்தவர்களில் பலர் கிஸ்தி கட்ட இயலாமல் திவாலானார்கள். அவர்களுடைய மிட்டாக்கள் மீண்டும் சர்க்கார் வசமாயின. நிலைத்து நின்றவர்கள் பிரபுக்களானார்கள். ஜில்லாவின் நிலச் செல்வாக்கு அனைத்தும் ஆதிகாலந்தொட்டு வந்த பரம்பரை என்று எண்ணுவோர், அதில் ஒரு பகுதி கும்பெனியாரின் ஏலமேடையில் பிறந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நிலம் ஒரு வாயில் என்றால், நியாயஸ்தலம் மற்றொரு வாயில். சர்க்காரை எதிர்த்துப் பேசுவதற்கு அந்நாளில் சட்டம் படித்தவனுக்கு மட்டுமே ஓரளவு பாதுகாப்பு இருந்தது. செங்கற்பட்டு ஜில்லாவில் பிறந்து சேலத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட ஸ்ரீ சி. விஜயராகவாச்சாரியார் அந்த வாயில் வழியாக வந்தவர். 1882-ம் வருஷம் செவ்வாய்ப்பேட்டையில் மசூதியும் வாத்திய ஊர்வலமும் சம்பந்தமான தகராறு பெருங்கலகமாக மூண்டது. கலகத்தைத் தூண்டியவர் என்று அவர்மீது குற்றம் சாட்டி, செஷன்ஸ் கோர்ட்டில் பத்து வருஷ தண்டனை விதித்தார்கள். ஹைகோர்ட் அவரை விடுதலை செய்தது. அவர் அத்துடன் நிற்கவில்லை. தம்மை நகரசபை ஸ்தானத்திலிருந்து நீக்கியதற்காக இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்காடி, நூறு ரூபாய் நஷ்டஈடு பெற்றார். நூறு ரூபாய் அற்பம். ஒரு சேலத்து வக்கீலின் வழக்கில் ஏகாதிபத்தியம் தோற்றது என்பதே அக்காலத்தில் தேசமெங்கும் பேச்சு. பின்னர் 1895 முதல் 1901 வரை சட்டசபையிலிருந்தார். 1920-ல் நாகபுரி காங்கிரஸுக்கு அக்கிராசனம் வகித்தார்.

இந்த வரலாற்றைப் பெருமையுடன் கூறுகிறோம். அதே சமயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1882-ம் வருஷத்துக் கலகத்தில் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் உயிரும் உடைமையும் இழந்தார்கள். அந்தமானுக்கு அனுப்பப்பட்ட கைதிகளும் உண்டு. அவர்களை மீட்பதற்கு ஆச்சாரியார் பாடுபட்டார் என்பதும் உண்மை. எனினும் இன்று நமக்கு நினைவிருப்பது ஒரு பெயர் மட்டுமே. ஒரு ஜில்லாவின் சரித்திரம் சில வீடுகளின் சரித்திரமாகச் சுருங்குவது இப்படித்தான் தொடங்குகிறது.

1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார். தகப்பனார் கிராம முன்சீப். மிட்டாவும் இல்லை, ஜமீனும் இல்லை. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தபோது, தெருக்குழாய்களைத் திறந்துவிடும் வேலையில் ஆதிதிராவிடர் ஒருவரை அக்கிரகாரத்துக்கும் அனுப்பியதற்காக ஸ்வஜாதியாரின் கோபத்துக்கு ஆளானார். ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடுமீது ராஜத்துவேஷ வழக்குத் தொடரப்பட்டபோது அவருக்காக வாதாடியவரும் இவரே. சேலத்தில் வருமானம் பெருகிக்கொண்டிருந்த தொழிலை விட்டுச் சென்னைக்குச் சென்று, பின்பு ஒத்துழையாமையில் கோர்ட்டையே துறந்து, 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை அமைத்தார். நாகபுரியில் அக்கிராசனர் பீடத்திலிருந்தே ஒத்துழையாமையைச் சந்தேகித்தவர் முதிய ஆச்சாரியார்; அதற்காகத் தொழிலை எறிந்தவர் இளைய ஆச்சாரியார். ஒரே ஊர், ஒரே தொழில். ஆனால் ஒரே அபிப்பிராயம் அன்று.

இனி, பிரஸ்தாபத்தில் அடிக்கடி வரும் குமாரமங்கலம் வீட்டுக்கு வருவோம். திருச்செங்கோடு தாலூகாவைச் சேர்ந்த அந்த ஜமீனில் 1889-ல் பிறந்த டாக்டர் பி. சுப்பராயன், சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தவர். 1920-ல் மாண்டேகு சீர்திருத்தத்தின்படி சட்டசபை அமைந்தபோது நிலச்சுவான்தார்களுக்கென்று ஒதுக்கிய தொகுதியிலிருந்து உள்ளே சென்றார். சாதாரண ஜனங்களுக்கு வோட்டே இல்லாத காலம் அது. நிலச்சுவான்தார்களுக்கோ தனி ஸ்தானம்! 1926-ல் சுயராஜ்யக் கட்சியார் மிகுதியான ஸ்தானங்களைப் பிடித்தும் பதவி ஏற்க மறுத்ததால், கவர்னர் கோஷன் பிரபு எந்தக் கட்சியையும் சேராத டாக்டர் சுப்பராயனை முதல் மந்திரியாக்கினார். கவர்னர் நியமித்த அங்கத்தினர்களின் தோள்மீது நின்ற மந்திரிசபை அது. 1928-ல் சைமன் கமிஷனைப் பகிஷ்கரிக்கும் பிரச்னையில் அவருடைய இரு சகாக்களான ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் ராஜிநாமாச் செய்தனர். அவர் பதவியிலேயே தங்கினார். தேசிய இயக்கம் இதை எளிதில் மன்னிக்கவில்லை, மன்னித்திருக்கவும் கூடாது.

ஆனால் மனிதர் அவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை. 1932-ல் ஆலயப் பிரவேச மசோதாவைச் சென்னைச் சட்டசபைக்குக் கொண்டுவந்தார். அதற்கு வைஸ்ராய் அனுமதி மறுத்தார். காங்கிரஸில் சேர்ந்து, 1937-ல் ராஜாஜியின் மந்திரிசபையில் சட்ட, கல்வி இலாகாக்களை வகித்தார். மங்களூரில் தாழ்த்தப்பட்டோருக்குப் பள்ளி நடத்திய குத்முல் ரங்கராவ் அவர்களின் புதல்வியார் ராதாபாய் அவருடைய மனைவியார். ஸ்ரீமதி ராதாபாய் 1930-ல் முதல் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்றார். 1938-ல் டில்லி ராஜாங்க சபையில் அமர்ந்த முதல் பெண்மணி ஆனார். ஜாதியும் பாஷையும் கடந்த விவாகம் அது. 1933-ல் ஆச்சாரியாரின் புதல்வி லக்ஷ்மி, காந்தியடிகளின் குமாரர் தேவதாஸை மணந்ததும் அத்தகையதே. பெரிய வீடுகளுக்கு இந்தத் துணிவு இயன்றது. நமது கிராமங்களில் அதே காரியத்தைச் செய்த ஏழை இளைஞர்களின் கதி என்னவாயிற்று, இன்றும் என்னவாகிறது என்பதை நேயர்களே அறிவார்கள்.

அந்த வீட்டின் அடுத்த தலைமுறை விசித்திரமானது. மூத்தவர் ஈட்டன் பள்ளியிலும் பின்பு ராணுவக் கலாசாலையிலும் பயின்று, 1966-ல் இந்தியாவின் தரைப்படைத் தலைவராக உயர்ந்த ஜெனரல் பி. பி. குமாரமங்கலம். ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த இளையவர் மோகன், கம்யூனிஸ்டாகத் திரும்பி வந்தார். ஆக்ஸ்போர்டில் படித்த புதல்வி பார்வதியும் அதே கட்சியில் சேர்ந்து, பார்வதி கிருஷ்ணன் என்ற பெயரில் தொழிலாளர் இயக்கத்தில் வாழ்நாளைச் செலவிட்டார். 1947-ல் ஓமந்தூரார் மந்திரிசபையில் தந்தை போலீஸ் இலாகா மந்திரி. மக்களோ அந்தப் போலீஸ் கண்காணித்த கட்சியில்! அப்பகை எங்கே போய் முடிந்தது என்பதைச் சேலம் மறக்கலாகாது. டாக்டர் சுப்பராயன் அந்த இலாகாவை விட்ட பின்பு, 1950 பிப்ரவரி 11-ம் தேதி, குடியரசு பிறந்து மூன்று வாரம்கூட நிறையாத நிலையில், சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மலையாளிகள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் எவரும் அவர்களில் இல்லை.

நிற்க, அம்மாபேட்டைக்குத் திரும்புவோம். மேலே கூறிய காரியங்களுக்கும் தறிக்குழியில் காலை வைத்து அமர்ந்திருந்த நெசவாளிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு சம்பந்தங்கள் உண்டு. இரண்டும் ஆச்சாரியாரைப் பற்றியவை. ஒன்று அவருக்கு அநுகூலம், மற்றொன்று பிரதிகூலம்.

1937 அக்டோபர் 1-ம் தேதி ஆச்சாரியாரின் மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலாக அமல் நடத்தியது சேலம் ஜில்லாவில். தம் சொந்த ஜில்லாவையே பரீட்சைக்களமாக்கினார். கலால் வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரி வந்தது. வியாபாரிகள் வைதார்கள். கூலி வீடு வந்து சேர்ந்ததென்று பெண்மக்கள் வாழ்த்தினார்கள். பதினைந்து வருஷம் கழித்து முதல் மந்திரியாக மீண்டும் வந்தபோது, வேஷ்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டுமென்று மத்திய சர்க்காருடன் வாதாடினார். நெசவாளி அவரை நன்றியுடன் நினைக்க இது போதும்.

ஆனால் 1953-ல் ஆரம்பப் பள்ளியின் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தவரும் அவரே. கிராமப் பள்ளிகளுக்கென்று ஏற்பட்ட திட்டம். ஆதலால் நகர எல்லைக்குட்பட்ட அம்மாபேட்டை தப்பிற்று. சுற்றுக் கிராமங்களின் தறிக்காரர் தப்பவில்லை. ஆச்சாரியாரின் நோக்கம் கெட்டதென்று நாம் கருதவில்லை. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத காலத்தில் இருப்பதைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குப் போதிக்க எண்ணினார். ஆயினும் ஜமீன் வீட்டுப் பிள்ளை ஈட்டனுக்குப் போகலாம், முன்சீப் வீட்டுப் பிள்ளை வக்கீலாகலாம், தறிக்காரன் பிள்ளை மட்டும் மத்தியானத்துக்குமேல் தறிக்கே திரும்ப வேண்டும் என்றால் அதை எந்த நியாயஸ்தலம் ஒப்பும்? தம் தகப்பனாரின் முன்சீப் வேலையை விட்டு நெடுந்தூரம் வந்தவர், பிறருக்கு அந்தத் தூரத்தை அளந்து கொடுக்க முற்பட்டதே அவருடைய அரசியலில் மிகப் பெரிய பிழை என்று கூறத் துணிகிறோம். 1954-ல் பதவி போயிற்று. காமராஜர் அத்திட்டத்தை ரத்துச் செய்தார்.

வோட்டு எல்லாருக்கும் வந்தபின் பழைய வீடுகளின் நிலை என்ன? இதுவே நமது குறுக்கு விசாரணையின் முக்கியமான கேள்வி. 1944 ஆகஸ்டில் சேலத்தில் கூடிய மகாநாட்டில்தான், பட்டதாரிப் பிரபுக்களும் ஜமீன்தார்களும் நடத்திய நீதிக்கட்சி, பெரியாரின் தலைமையில் திராவிடர் கழகமாக மாறிற்று. சர்க்கார் தந்த பட்டங்களைத் துறக்க வேண்டுமென்று அண்ணாதுரையின் பெயரால் தீர்மானம் நிறைவேறிற்று. ஜமீன்களை 1948-ம் வருஷத்துச் சட்டம் ஒழித்தது. 1952-ல் வயதுவந்தோர் யாவரும் வோட்டுப் போட்டனர். ஆச்சாரியாரின் குமாரர் ஸ்ரீ சி. ஆர். நரசிம்மன் 1952-லும் 1957-லும் கிருஷ்ணகிரியிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றார். தந்தை 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தபோதும் மகன் காங்கிரஸிலேயே இருந்தார்! டாக்டர் சுப்பராயன் 1957-ல் திருச்செங்கோட்டில் வென்று, மத்திய மந்திரியாகி, 1962-ல் மகாராஷ்டிர கவர்னராக இருக்கையில் காலமானார். அத்துடன் ஜமீனின் சொந்த மண்ணில் அவ்வீட்டின் முதல் அத்தியாயம் முடிந்தது. பார்வதி கிருஷ்ணன் கோயம்புத்தூர் ஆலைத் தொழிலாளர் வோட்டுக்களால் லோக்சபைக்குப் போனார். கட்சி மாறிய மோகன் 1971-ல் நின்றது புதுச்சேரியில். உருக்கு, சுரங்க மந்திரியாக நிலக்கரிச் சுரங்கங்களைத் தேசியமயமாக்கிய அவர், 1973 மே 31-ல் டில்லி விமான விபத்தில் மாண்டார். அவர் மகன் ரங்கராஜன் 1984 தொடங்கிச் சேலத்தில் காங்கிரஸ் சார்பில் வென்றார். பின்பு பாரதிய ஜனதாவுக்குச் சென்று 1998-லும் 1999-லும் திருச்சியில் வென்று, மின்சார மந்திரியாக இருக்கையில் 2000-ல் காலமானார்.

நேயர்கள் இவ்வரிசையைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். நிலச்சுவான்தார் தொகுதி, கட்சி சாராமை, காங்கிரஸ், கம்யூனிஸம், மீண்டும் காங்கிரஸ், பாரதிய ஜனதா: ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்குள் இத்தனை கொடிகள். இதில் சந்தர்ப்பவாதமும் உண்டு, சத்தியாவேசமும் உண்டு. எது எவ்வளவு என்று எடை போடுவது எங்கள் வேலையன்று. ஆனால் ஒன்று நிச்சயம். தகப்பன் வைத்துப்போன கட்சியை மகன் சுவாதீனம் பெறவில்லை. தந்தையை எதிர்த்தே மக்கள் அரசியலில் புகுந்தார்கள். மோகனும் பார்வதியும் ஊரிலிருந்த வரவேற்பை விட்டு அயலூர் வோட்டரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. 1967-ல் முதிய ஆச்சாரியாரே தி.மு.கழகத்துடன் சேர்ந்து, தாம் வளர்த்த காங்கிரஸை வீழ்த்தினார். அந்த அலையில் சேலம் தொகுதியே தி.மு.கழகத்துக்குப் போயிற்று.

ஆகவே, "அந்தக் காலத்திலும் இப்படித்தானே" என்போரின் சாட்சி அவர்களுக்கே விரோதமாகப் பேசுகிறது. பழைய வீடுகளின் மூலதனம் நிலமும் சட்டப்படிப்பும். அம்மூலதனம் அநியாயமாகப் பிறந்தது என்று வைத்துக்கொண்டாலும், அது கட்சிக்கு வெளியே இருந்தது. இன்றைய வீடுகளின் மூலதனம் கட்சியேதான். கட்சியின் பொக்கிஷம், கட்சியின் கிளைகள், அபேட்சகரைப் பொறுக்கும் அதிகாரம் ஆகிய யாவும் ஒரு வீட்டின் சாவிக்கொத்தில் தொங்குகின்றன. ஜமீனை ஒழிக்கச் சட்டசபையில் ஒரு சட்டம் போதுமாயிருந்தது. கட்சிக்குள் முளைத்த மிட்டாவை எந்தச் சட்டம் ஒழிக்கும்? அங்கத்தினர்கள்தாம் ஒழிக்க வேண்டும். அவர்களுக்கோ வோட்டே இல்லை. கட்சி விதிகளில் கிளை முதல் மேல் வரை தேர்தல் உண்டென்று அச்சிட்டிருக்கிறது. போட்டியின்றித் தேர்வு என்ற செய்தியைத் தவிர வேறு செய்தி வருவதில்லை.

அம்மாபேட்டைத் தறிக்காரர்கள் இந்தக் கதையில் இதுவரை வோட்டராக மட்டுமே வந்திருக்கிறார்கள். கைத்தறி போய் விசைத்தறி வந்தது. கூலிப் பிரச்னையும் நூல் விலையும் மட்டும் போகவில்லை. அவர்கள் பிள்ளைகள் இன்று முழுநேரமும் பள்ளிக்குப் போனவர்கள். கல்லூரியும் முடித்தவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேரை எந்தக் கட்சி தன் கிளை, வட்டங்களில் வளர்த்து மேலே கொண்டுவந்திருக்கிறது? சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அம்மாபேட்டை மண்டலத்து வார்டுகளுக்கு அபேட்சகரைக் குறித்தபோது, அந்த வார்டின் கட்சி அங்கத்தினர்களைக் கூட்டி வோட்டெடுத்த கட்சி ஏதேனும் உண்டா என்று ஊழியர்கள் தத்தம் வட்டச் செயலாளரைக் கேட்கட்டும். வோட்டெடுத்திருந்தால் அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எமக்கு அனுப்புமாறு கோருகிறோம். எந்தக் கட்சியினுடையதாயினும் இப்பத்தியிலேயே பிரசுரிப்போம்.